வெயில் அடித்த மாதங்களில் ஏறிய மின்கணக்கு

கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து 64 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மகள் கோவையில். தகரக் கூரை வீடு, பின்னால் அரை ஏக்கர் தேயிலை. சென்ற கார்த்திகை மாதம் இரண்டு இளைஞர்கள் வீடு தேடி வந்து, பிரதமரின் சோலார் திட்டம் என்று சொல்லி, முன்பணம் இல்லாமல் 3 கிலோவாட் பேனல் வைத்துத் தருவதாகப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் நீட்டிய கருவியில் விரலால் ஒரு கையெழுத்து, கைபேசிக்கு வந்த ஓ.டி.பி. எண். ஒப்பந்தம் முடிந்துவிட்டது. 15 ஆண்டுக் குத்தகை, மாத வாடகை 1,450 ரூபாய், வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளப்படும். மின்கட்டணம் பூஜ்யமாகிவிடும், கரண்ட் போனாலும் விளக்கு எரியும், குளிர்ப் பிரதேசத்தில் பேனல் இன்னும் நன்றாக வேலை செய்யும், மானியத் தொகையை வாடகையிலேயே கழித்துவிட்டோம் என்பவை அவர்கள் வாயால் சொன்னவை.

மார்கழிக் கடைசியில் பேனல் ஏறியது. மின்கட்டணம் குறைவதற்குப் பதிலாக இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. ஜூன் மழையில் படுக்கையறையின் மேல் ஒழுகத் தொடங்கி, கட்டிலை நகர்த்திவிட்டுக் குண்டான் வைத்திருக்கிறார். நிறுவனத்தின் கோவை அலுவலகத்துக்குப் பதினோரு முறை பேசியும் ‘புகார் பதிவாகிவிட்டது’ என்பதுதான் பதில். மகள் வந்து ஆங்கில ஒப்பந்தத்தைப் படித்துச் சொன்ன பிறகே மூன்று விஷயங்கள் தெரிந்திருக்கின்றன: வாடகை ஆண்டுக்கு 5 சதவீதம் உயரும், இடையில் விலகினால் மீதி ஆண்டுகளின் வாடகை முழுவதையும் ஒரே தவணையில் கட்டவேண்டும், தகராறு வந்தால் நீதிமன்றத்துக்கு வெளியே, சென்னையில் ஒரு நடுவர் முன்தான் தீர்வு. வாடகையை நிறுத்திவிட்டுப் பேனல்களைக் கழற்றி வாசலில் வைத்துவிடலாமா, வழக்கென்றால் சென்னைக்கு அலையவேண்டுமா, போலீஸில் ஏமாற்று வழக்குக் கொடுக்கலாமா, வீட்டை விற்றுவிட்டு மகளிடமே போய்விடலாமா என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தோடு ஒப்பந்தத்தின் 22 பக்கங்களையும் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். படித்தேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை அட்டையின் படம். சென்ற நவம்பர்-டிசம்பரில் 570 யூனிட். பேனல் வந்த பிறகு ஜனவரி-பிப்ரவரியில் 910, மார்ச்-ஏப்ரலில் 860, மே-ஜூனில் 620. ‘பேனல் வேலையே செய்யவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை செய்யாத பேனல் மின்கணக்கை 570இலேயே விட்டிருக்கும். பளிச்சென்று வெயில் அடிக்கும் ஜனவரியில் கணக்கு உச்சத்துக்குப் போய், மூடுபனி இறங்கிய ஜூனில் அது தணிகிறது என்றால், பேனல் வேலை செய்கிறது. மீட்டர்தான் அதைத் தப்பாக எண்ணுகிறது.

நான் வழக்கறிஞன், பொறியாளன் இல்லை. குன்னூரில் ஒரு கட்சிக்காரரின் மீட்டர் முன்னால் நின்று ஒரு மின்பொறியாளர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் வெந்நீர் ஹீட்டர் ஓடுவது விடியற்காலையில், விளக்கும் டிவியும் மாலையில். நண்பகலில் பேனல் தரும் மின்சாரத்துக்கு வீட்டில் வேலை இல்லை. அது கம்பி வழியே வெளியே போகிறது. அப்படிப் போனதைத் தனியாகக் குறித்து, வந்ததிலிருந்து கழிக்க இருவழி மீட்டர் வேண்டும். அதைத்தான் நெட் மீட்டர் என்கிறார்கள். பழைய ஒருவழி மின்னணு மீட்டர்கள் பலவற்றுக்கு மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் ஒன்றுதான், கூட்டிக்கொண்டே போகும். நீங்கள் மின்வாரியத்துக்குக் கொடுத்த மின்சாரத்துக்கு நீங்களே கட்டணம் கட்டியிருக்கிறீர்கள். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் அடுக்கடுக்காக ஏறுவதால் அடி இரட்டிப்பாக விழுந்திருக்கிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். நல்ல வெயில் உள்ள ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் உள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணையுங்கள். பிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். மெயினை மட்டும் தொடவேண்டாம். மீட்டரில் உள்ள எண்ணைப் படமெடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். எதுவுமே ஓடாத வீட்டில் எண் ஏறியிருந்தால் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. மகள் வரும்போது இதைக் கைபேசியில் வீடியோவாகவும் எடுக்கச் சொல்லுங்கள். இந்தத் தகராறில் உங்கள் கையில் உள்ள முதல்தரச் சாட்சி அதுவாகத்தான் இருக்கும்.

நெட் மீட்டர் ஏன் வரவில்லை என்பதற்கும் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் விடை இருக்கிறது. மின்னிணைப்பு இன்னும் உங்கள் கணவர் பெயரிலேயே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தம் உங்கள் பெயரில், இணைப்பு காலமானவர் பெயரில். விண்ணப்பம் போட்டால் திரும்பும் என்று தெரிந்து, போடாமலேயே, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை முடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது என் ஊகம். நேரம் ஆகிறது என்ற சாக்கு இங்கே செல்லாது. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளின்படி 10 கிலோவாட் வரையிலான வீட்டுக் கூரை சோலாருக்குச் சாத்தியக்கூறு ஆய்வே தேவையில்லை. பொருத்தி முடித்ததற்கான சான்றைக் கொடுத்த 15 நாளில் மின்வாரியம் மீட்டரை மாட்டி இயக்கிவைக்க வேண்டும். ஏழு மாதம் ஆகியிருக்கிறது.

ஆகவே முதல் வேலை, உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு ஒரு கடிதம். என் இணைப்பு எண்ணில் சோலாருக்கு விண்ணப்பம் வந்திருக்கிறதா, என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டு, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் அதே கேள்வி. 30 நாளில் பதில் தந்தாகவேண்டும். கூடவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வைத்துப் பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் இயங்கும் இன்வெர்ட்டர் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்பதால், மேலே சொன்ன சோதனை முடிந்ததும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து அதை அணைத்துவிட்டு, அணைத்த தேதியை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கம்பியில் வேலை செய்யும் லைன்மேன் உயிரும் இதில் இருக்கிறது.

அவர்கள் சொன்னதில் எது பொய், எது பாதி உண்மை

கரண்ட் போனாலும் விளக்கு எரியும் என்பது பொய். பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. மரம் விழுந்து இரண்டு நாள் இருளில் கிடக்கும் நம் ஊரில் இதைச் சொல்லி விற்பவர்களை என்ன சொல்வது?

குளிரில் பேனல் கூடுதலாகத் தரும் என்பது பாதி உண்மை. பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் குறைகிறது. ஆகவே ஒரு மணி நேர வெயிலை வைத்துப் பார்த்தால் கோவை மொட்டைமாடியை விடக் கோத்தகிரிக் கூரை சற்று மேல்தான். அந்த வெயில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்பது சமவெளிக் கணக்கு. அதையே மலைக்கும் துண்டறிக்கையில் அச்சடித்து ‘தினமும் 12 யூனிட் உத்தரவாதம்’ என்று தந்திருக்கிறார்கள். போதாததற்கு, நீங்கள் அனுப்பிய படத்தில் மேற்குப் பக்கம் இரண்டு சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. ஒரே வரிசையில் கோத்த பேனல்களில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் வரிசையின் உற்பத்தியே படுத்துவிடக்கூடும். அந்தத் துண்டறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். உத்தரவாதம் என்ற சொல் அச்சில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

மானியம் வாடகையில் கழிந்துவிட்டது என்பதுதான் என்னை உறுத்துகிறது. 2024இல் தொடங்கிய பிரதமரின் அந்தச் சோலார் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நீங்களே வாங்கிப் பொருத்தினால் அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். குத்தகை முறைக்கும் அத்திட்டத்தில் இடம் இருக்கிறது, 2024 டிசம்பரில் தனி வழிமுறைகள் வந்தன. ஆகவே குத்தகை என்பதாலேயே மோசடி என்று நாம் முடிவுகட்ட முடியாது. ஆனால் நெட் மீட்டர் பொருத்தி, மின்வாரியம் சரிபார்த்த பிறகுதான் மானியம் விடுவிக்கப்படும். உங்கள் வீட்டில் நெட் மீட்டரே இல்லை. வராத மானியத்தை எதில் கழித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் இணைப்பு எண்ணில் விண்ணப்பம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாடகைக் கணக்கையும் ஒரு முறை போட்டுவிடலாம். 1,450 ரூபாய் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் பதினைந்தாம் ஆண்டில் மாதம் சுமார் 2,870. பதினைந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து 3 லட்சத்து 75 ஆயிரத்துக்குச் சற்று மேல். இதே அளவு அமைப்பைச் சொந்தமாக வாங்கினால் மானியத்துக்கு முன் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு லட்சம் ரூபாய் ஆகும். கணக்கு டீச்சராக இருந்தவரிடம் இதற்கு மேல் விளக்கவேண்டியதில்லை.

வாடகையை நிறுத்தலாமா?

இப்போதே வேண்டாம் என்பேன். கோபம் நியாயம்தான். ஆனால் உங்கள் பாஸ்புக்கில் பணத்தை எடுப்பது சோலார் நிறுவனம் இல்லை. வேறொரு நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. வாடகை வசூலிக்கும் உரிமையைச் சோலார்காரர் அவர்களுக்கு மாற்றிக்கொடுத்திருக்கலாம். அல்லது, அந்த ஓ.டி.பி. எண்ணை வைத்து உங்கள் பெயரில் கடனே எழுதப்பட்டிருக்கலாம். ஆண்டுதோறும் ஏறும் தொகை என்பதால் முதலாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சந்தேகத்தைத் தீர்க்க வழி எளிது: சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதில் உங்கள் பெயரில் கடன் தெரிந்தால், கடன் விவரங்களைச் சுருக்கிச் சொல்லும் முக்கிய விவர அறிக்கை எங்கே என்று நிதி நிறுவனத்திடம் கேளுங்கள். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அதைத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். தொலைபேசி எண் 14448.

கணக்கைக் காலியாக வைத்துவிட்டால் என்ன என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். செய்துவிடாதீர்கள். பணம் இல்லாமல் தானியங்கிப் பற்று திரும்பினால், காசோலை திரும்புவதைப் போலவே 2007ஆம் ஆண்டுப் பணம் செலுத்துகை முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவில் அது குற்றமாகலாம். புகார்தாரராக நிற்கவேண்டிய நீங்கள் குற்றம்சாட்டப்பட்டவராகிவிடுவீர்கள். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியையே வங்கிக்கு முறைப்படி எழுதி ரத்துசெய்வது வேறு விஷயம். அது உங்கள் உரிமை. ஆனால் அப்போதும் ஒப்பந்தப்படி தவணை தவறியதாக அவர்கள் நோட்டீஸ் அனுப்புவார்கள். நான் சொல்லும் வழி: ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று இரு நிறுவனங்களுக்கும் பதிவுத் தபாலில் எழுதிவிட்டு, வழக்குப் போடும்வரை கட்டிவாருங்கள். வழக்கோடு சேர்த்து, தீர்ப்பு வரும்வரை வாடகையை நிறுத்திவைக்க இடைக்கால உத்தரவு கேட்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. இரண்டு மூன்று மாத வாடகைதான் போகும்.

பேனல்களைக் கழற்றுவதும் கூடாது. அவை அவர்கள் சொத்து. அதைவிட முக்கியம், கூரையில் ஆணி அடித்த இடம் உங்கள் சாட்சி. தகரத்தைத் துளைத்துத் தாங்கி மாட்டியவர்கள் துளையைச் சுற்றி அடைப்புப் பசை வைக்கவே இல்லை என்பது நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் துருக்கறையாகவே தெரிகிறது. தற்காலிகமாகத் தார்ப்பாய் போட்டுக்கொள்ளுங்கள். நிரந்தரமாகச் சரிசெய்யுமுன், ஒரு கொத்தனாரிடமோ பொறியாளரிடமோ செலவு மதிப்பீடு எழுதி வாங்குங்கள். வழக்கு தொடங்கியதும் நுகர்வோர் ஆணையத்திடம் கேட்டு, அது நியமிக்கும் ஒரு வழக்கறிஞர் ஆணையரை வரவழைத்து அந்த இடத்தைப் பதிவுசெய்யலாம்.

வழக்கு எங்கே?

உதகையில். சென்னைக்கு நீங்கள் போகவேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். ஒப்பந்தத்தில் நடுவர் என்று எழுதியிருப்பது நுகர்வோர் ஆணையத்தின் கதவை மூடாது. 2018இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. இணையத்தில் பதியலாம், காணொலி வழி விசாரணையும் கேட்கலாம். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தரவேண்டும். கூடுதலாக 15 நாள் கிடைக்கும், அதற்கு மேல் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள்.

இங்கே ஒரு நுணுக்கம். மீதி வாடகை முழுவதையும் கட்டவேண்டும் என்ற பிரிவைப் பார்த்துவிட்டு ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தலைப்பிட்டு வழக்குப் போட உங்கள் மகள் விரும்புகிறார். அந்தத் தலைப்பில் போட்டால் மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற தலைப்புகளே உங்களுக்குப் போதும், உதகையிலேயே நிற்கும். கட்டிய ஏழு மாத வாடகை 10,150 ரூபாய், கூடுதலாகக் கட்டிய மின்கட்டணம், கூரைச் செலவு, அபராதமின்றி ஒப்பந்தம் ரத்து, அவர்கள் செலவில் பேனலை இறக்குவது, மன உளைச்சலுக்கு இழப்பீடு ஆகியவற்றைக் கேளுங்கள். கூடுதல் மின்கட்டணத்தை மின்வாரியத்திடமிருந்து திரும்பப் பெற மின்நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. ஆனால் அனுமதியில்லாமல் இணைத்தது உங்கள் பக்கம்தானே என்று அவர்கள் கேட்பார்கள். அந்த நஷ்டத்தைச் சோலார்காரர் தலையில் வைப்பதே வலுவான வழி.

முதலில் ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ், கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு பதிவு. பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே சமரசத்துக்கு வரும். வந்தால், நெட் மீட்டர் போட்டுத் தருகிறோம், தொடருங்கள் என்பார்கள். அந்த வாடகைக்கு அந்த வெயில் கட்டாது என்பது என் கருத்து, முடிவு உங்களுடையது. வழக்கறிஞர் செலவு பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி உண்டு. உதகையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 எண்ணில் பேசுங்கள்.

போலீஸ் புகாரை இப்போது கையில் எடுக்கவேண்டாம். ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்தது என்று காட்டவேண்டும். உங்கள் பெயரில் மானியமோ கடனோ எடுக்கப்பட்டிருப்பது தெரியவந்தால் அன்றைக்கே போகலாம்.

மாடி அறை

சீசனில் மாடி அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுவதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வணிகப் பயன்பாடு, ஆகவே நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். பிழைப்புக்காகத் தானே செய்யும் சுயதொழில் வணிகப் பயன்பாட்டில் சேராது என்று சட்டமே விளக்கம் தருகிறது. இருந்தாலும், வீட்டு இணைப்பை வேறு பயனுக்கு எடுத்ததாக மின்வாரியம் மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் கேள்வி எழுப்பவும் இடம் உண்டு. மின்வாரியத்துக்குக் கடிதம் கொடுக்கும் முன் இதை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வீட்டை விற்பது

இதற்காக விற்கவேண்டாம். விற்றாலும் ஒப்பந்தம் உங்களை விடாது. வாங்குபவர் ஏற்றுக்கொண்டு, நிறுவனமும் சம்மதித்தால்தான் கைமாறும். இப்படிப் பதிவு செய்யாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரியாது என்று தரகர்கள் காதில் ஓதுவார்கள். சொல்லாமல் விற்றால் நாளை வாங்கியவர் உங்கள்மேல் வழக்குப் போடுவார்.

ஆகஸ்ட் கடைசியில் கணக்கெடுக்க ஆள் வருவார். அதற்கு முந்தைய நாளே மீட்டர் எண்ணையும் வெள்ளை அட்டையையும் ஒரே படத்தில் வரும்படி, அன்றைய நாளிதழைப் பக்கத்தில் பிடித்து எடுத்துவையுங்கள். அந்த இளைஞர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகள் இருக்கும் கைபேசியை, மகள் புதியது வாங்கித் தந்தாலும், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.